சிறுமியர் சஞ்சிகைகளும் மச்சானின் கார் யாட்டும்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் தெரிந்த தமிழர் ஒருவர் எதிரே வந்து, "என்ன வாசிக்கிறியள்?" என்று கேட்டபோது, கையிலிருந்த புத்தகத்தைப் படக்கென்று முக்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்த மனிதன் நான். உட்கார்ந்த பிறகு, "வர்த்தகம்" என்றேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. தொந்தி இருந்தது, மீசை இருந்தது, இரண்டிலும் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இவை எல்லாவற்றையும் அடியில் கிடந்து தாங்கியது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியச் சிறுமியருக்காக வெளிவந்த மாத சஞ்சிகையொன்றின் மறுபதிப்பு. அட்டையில் தலை நிறைய ரிப்பன் கட்டிய ஒரு பிள்ளை. வந்தவர் போவதாக இல்லை. மகனுடைய பல், வீட்டு மோர்கேஜ் கடன், ஆக்லாந்து மழை என்று நின்று நிதானமாகக் கதைத்தார். எழும்ப முடியாமல் நான் இருந்தேன். இப்போது யோசித்தால், அந்த வருடம் முழுவதும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதைப் பரிசீலித்தவர்கள், அப்படியொன்று இருப்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே தொண்ணூறுகளின் நடுவில், ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக நுழைவதற்காக, மறுபடியும் மாணவனாக வேண்டியதாயிற்று. மனைவி விமான நிலையத்தடியில், பயணிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தாள். நாங்கள் குடியிருந்தது பாபடோயிட்டோயில் அவளுடைய அண்ணன் வீட்டில். சரியாகச் சொன்னால், வீட்டுக்குப் பின்னால் புல்லுக்கு நடுவில் நின்ற 'ஸ்லீப்அவுட்' என்ற ஒற்றை அறையில். விமானங்கள் எங்கள் கூரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கும். வாடகை வாங்க மாட்டேன் என்று மச்சான் சொல்லிவிட்டார். அதுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம். வாடகை வாங்கியிருந்தால் நான் சுதந்திர மனிதன்.

மச்சான் மிக நல்லவர். இதை நான் குற்றச்சாட்டாகவே சொல்கிறேன். காலையில் பின்கதவைத் திறந்து, "மச்சான், பாண் இருக்கு, முட்டை இருக்கு, வாரும்!" என்று அவர் கூப்பிடுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். குளிர் தொடங்கினால் ஹீற்றர் வரும். என் சப்பாத்து ஓட்டையானால், கேட்காமலே புதுச் சப்பாத்து வாசலில் நிற்கும். இப்படிப்பட்ட ஒருவரிடம் 'இல்லை' என்ற சொல்லை எந்த இடத்தில் வைத்துச் சொல்வது? வீட்டோடு மாப்பிள்ளைக்காவது மாமனாரோடு முறைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. மனைவியின் அண்ணன் வீட்டில் ஓசியில் இருக்கிறவனுக்கு அதுவும் கிடையாது.

அந்த வருடம் நான் பதியப் போனபோது பொருளியல் வகுப்புகள் நிறைந்துவிட்டன. காரை மனைவியின் ஷிஃப்டுக்கு விட்டுக்கொடுத்து பஸ்ஸில் வந்துபோகத் தோதான நேரத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: நவீன ஜப்பானின் சமூக வரலாறு. ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை, எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில். ஆய்வுக்கான தலைப்புகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், விரும்பியதற்கு நேரே பெயரை எழுத வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது ரயில்பாதை போய்விட்டது, பட்டு ஆலை போய்விட்டது, கடற்படைக்கு இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட்பாரற்றுக் கிடந்தது 'சிறுமியருக்கான ஆரம்பகாலச் சஞ்சிகைகள்'. நானும் கேட்பாரற்றுத்தான் நின்றேன். சேர்ந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான், "என்ன பாடம் எடுத்தனீர்?" என்றார்.

"ஜப்பான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்தான் சொன்னேன். அந்தச் சொல்லுக்குள் மச்சான் ஒரு கப்பல் நிறையக் காரைக் கண்டார். ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் ஆக்லாந்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த வருடங்கள் அவை. மெக்கானிக்கான மச்சான், திருச்சிக்காரப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து, கிரேட் சவுத் ரோட்டில் அவற்றை வாங்கி விற்க ஒரு யாட் போடும் யோசனையில் இருந்தார்.

"அது சோக்கான வேலை செய்திருக்கிறீர்" என்று என் முதுகில் தட்டினார். "உந்தப் பள்ளிக்கூட உத்தியோகத்தை விட்டுத்தள்ளும். வருசக் கடைசியோட யாட்டுக்கு வாரும். ஜப்பான்காரரோட கதைக்க எங்களுக்கும் ஒரு ஆள் வேணும்."

நான் தலையாட்டினேன். எங்கள் தலையாட்டலில் ஓம் உண்டு, இல்லை உண்டு, பார்ப்போம் உண்டு, இப்போதைக்கு ஆளை விடுங்கள் என்பதும் உண்டு. மச்சான் முதலாவதை எடுத்துக்கொண்டார். அன்று முதல் கணக்கு இதுதான்: யாட்டுக்குப் போனால் படிப்பு முடிந்தது. போகமாட்டேன் என்றால் அறை முடிந்தது. மனைவியின் சம்பளத்தில் வேறு வீடு எடுத்துக்கொண்டு நான் படிப்பது நடக்காத காரியம். ஆகவே எதையும் சொல்லாமல் நூலகத்துக்குப் போய் ரிப்பன் கட்டிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கப் பார்க்க அந்தச் சஞ்சிகைகள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்கென்று உயர்நிலைப் பள்ளிகள் பெருகிய காலம். வாசிக்கத் தெரிந்த, இன்னும் கலியாணம் ஆகாத பெண்பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் அங்கே புதிதாக உருவானது. அதுவரை பொடியன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே சஞ்சிகையைத்தான் வாசித்தார்கள். பதிப்பாளர்கள் அதைப் பாகம் பிரித்தார்கள். பொடியன்களுக்குக் கடல், கப்பல், படையெடுப்பு. பெண்பிள்ளைகளுக்குப் பூ, தோழி, கண்ணீர். 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்பதே பள்ளிக்கூடங்களின் கொள்கை. சஞ்சிகைகளும் அதையே கொஞ்சம் அழகுபடுத்திக் கொடுத்தன. படங்களில் பிள்ளைகளின் கண்கள் வரவரப் பெரிதாகின, வரவரச் சோகமாகின. பின்னர் யுத்தம் வந்ததும், இந்தக் கண்கள் நாட்டுக்கு ஆகாது என்று மேலிடத்தில் அபிப்பிராயம் ஏற்பட, அந்தப் பிள்ளைகள் மறைந்து, மண்வெட்டி பிடித்த பிள்ளைகள் வந்தார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது படமல்ல, பின்பக்கம். வாசகர் கடிதப் பகுதி. பெண்பிள்ளைகள் நிலா, பனி, பூ என்று அழகான புனைபெயர்களில் எழுதினார்கள். ஆசிரியர் அவர்களுக்குப் பதில் போட்டார், அழகாக எழுதும்படி ஊக்கப்படுத்தினார். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் அந்தப் பக்கத்திலேயே தோழிகளானார்கள். பள்ளி முடிந்து, மாப்பிள்ளை பார்க்கும்வரை வீட்டில் இருந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை வரும் அந்தச் சில பக்கங்கள்தான் வெளியுலகம். கலியாணமானால் பெரும்பாலும் அந்தப் பெயர் அங்கே தென்படாது. எழுதியதெல்லாம் மழையும் மாலை வானமும்தான். ஆனால் வேறெதையோ சொல்ல வந்து, வானிலையைச் சொல்லிவிட்டுப் போனதுபோல இருக்கும்.

ஒருநாள் அறையில் இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். வலைத்தொப்பி போட்ட அடையாளம் நெற்றியில் இன்னும் போகாமல் அவள் காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் ஒரு கடிதம் போடுங்கோவன்" என்றாள்.

"ஆருக்கு?"

"அண்ணைக்குத்தான். புனைபெயரில. 'அன்புள்ள ஆசிரியருக்கு, இஞ்ச நல்ல மழை. எனக்குக் கார் விக்க விருப்பமில்லை. இப்படிக்கு, ஸ்லீப்அவுட் நிலா.'"

"உம்மட அண்ணைதானே, நீர் சொல்லும்."

"அவர் ஏதோ நீங்கள் தலையாட்டினியள் எண்டு சந்தோஷத்தில இருக்கிறார். ஆட்டின தலைதான் சொல்ல வேணும்."

இதற்கிடையில் தமிழ்ச் சனம் என்னை ஜப்பானியப் பண்டிதராக்கிவிட்டது. யார் புதிதாகக் கார் வாங்கினாலும் என்னிடம் கொண்டுவந்தார்கள். டாஷ்போர்டில் இருக்கிற ஜப்பானிய எழுத்தைக் காட்டி, "இது என்ன ஐயா?" என்பார்கள். "ஹீற்றர்" என்பேன். குளிர்காலத்தில் எல்லாருக்கும் அது திருப்தியான பதில். ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று மெச்சினார்கள்.

பங்காளி வாங்கிய ஜப்பானிய வான் வண்டி மட்டும் பேசியது. அதை ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பெண் குரல், மெதுவாக, மிகுந்த மரியாதையுடன், ஏதோ சொல்லும்.

"சார், இந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றார் பங்காளி.

"வரவேற்கிறா."

"தினமும் வரவேற்கிறாங்களே சார்!"

"அவையின்ர பண்பாடு அப்பிடி."

பங்காளி நெகிழ்ந்துபோனார். சில வாரம் கழித்து, அவர் மனுகாவில் ஒரு கலியாண மண்டபத்துக்குச் சாம்பார் அண்டாவை ஏற்றிக்கொண்டு போகையில், ரவுண்டபவுட்டில் பக்கக் கதவு தானாகத் திறந்து, அண்டா நேரே போக, வான் வளைந்து போனது. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த ஜப்பானிய மாணவி ஒருத்திதான் கடைசியில் விளங்கப்படுத்தினாளாம். கதவு சரியாக மூடவில்லை என்று அந்தக் குரல் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பங்காளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் 'சார்' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார், அவ்வளவுதான். மச்சான்தான் எனக்காக வாதாடினார். "அவர் வியாபாரம் படிக்கிறார் அண்ணை, வானோட கதைக்கவே படிக்கிறார்?" இப்படி ஒருவர் உங்களுக்காக வாதாடினால் உண்மையைச் சொல்லும் வழி இன்னும் கொஞ்சம் அடைபடுகிறது.

வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் தமது ஆய்வை வகுப்பின் முன் பேசிக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பாடத்தில் தேறுவது. எங்கள் விரிவுரையாளர் ஜப்பானில் பல காலம் வாழ்ந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பேச்சுக்கான அறை மாறிவிட்டது என்று சொல்ல அவர் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார். போன் இருந்தது பெரிய வீட்டில், எடுத்தது மச்சான். என் ஜப்பான் பேச்சைப் பற்றி அந்தப் பெண்மணி நாலு நல்ல வார்த்தை சொல்லி, குடும்பத்தவர்களும் தாராளமாக வரலாம் என்று மரியாதைக்கு அழைத்திருக்கிறார். நியூசிலாந்தில் மரியாதைக்கு அழைத்தால் யாரும் போக மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அழைத்தால் போகாமல் விடுவது அவமரியாதை.

"பங்காளியையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் மச்சான். "அவருக்கும் உம்மில ஒரு நம்பிக்கை வர வேணுமெல்லோ."

பேச்சு நாளன்று மச்சான் தமது கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் பூட்டவில்லை. பக்கத்தில் பங்காளி, தலை படிய வாரி, திருநீறு பூசி. இருவரும் முன்வரிசையில். அவர்களைச் சுற்றி என் வகுப்புத் தோழிகள், எல்லாருமே எனக்கு மகள் வயதுப் பிள்ளைகள். மனைவி வேலையில். அதற்கு முதல்நாள் முழுவதும் நான் பேச்சைத் தலைகீழாக மாற்றி எழுதியிருந்தேன். சஞ்சிகையும் சரக்குத்தானே? விற்பனை, சந்தா, விளம்பரம், இனாம் பொருள் என்று வர்த்தகப் பேச்சாகவே கொண்டுபோய்க் கரைசேர்த்துவிடலாம். விரிவுரையாளருக்கு அது வரலாறு, மச்சானுக்கு வியாபாரம்.

புரொஜெக்டரைப் போட்டேன். சுவர் நிறைய ஒரு பிள்ளை எழுந்தாள். ஒவ்வொரு கண்ணும் கார்ச் சக்கர அளவு.

மச்சான் முன்னுக்குச் சாய்ந்து பார்த்தார். பிறகு பின்னுக்குச் சாய்ந்து பார்த்தார்.

"கார் எங்க?" என்று பங்காளி மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது.

"வரும்" என்றார் மச்சான்.

நான் வேகமாக விற்பனையைப் பற்றிப் பேசினேன். புத்தாண்டு இதழோடு சதுரங்கள் வரைந்த பெரிய விளையாட்டுத் தாள் ஒன்றை இனாமாகக் கொடுப்பார்கள். தாயக்கட்டை போட்டுக் காய் நகர்த்த வேண்டும். அப்படியொரு தாளைச் சுவரில் காட்டினேன். ஒரு சதுரம் பள்ளிக்கூடம், ஒன்று தையல், ஒன்று இசை, ஒன்று காய்ச்சல். எந்த எண் விழுந்தாலும் சுற்றிச் சுற்றிக் கடைசிச் சதுரத்தில், நல்ல குடும்பத்தின் நல்ல மனைவியாகப் போய் உட்கார வேண்டும்.

பங்காளி கை தூக்கினார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், ஆனால் திருச்சி மாறவில்லை. "சார், நடுவுல வெளிய போற கட்டம் ஒண்ணு கூட இல்லையா?"

"இல்லை."

"அப்ப எதுக்கு சார் ஆடணும்?"

தோழிகள் சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிக்காமல் என்னையே பார்த்தார். "நல்ல கேள்வி" என்றார். "எப்படி விற்றார்கள் என்று அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள்? அதைப் பற்றித்தான் உங்கள் ஆய்வு. அதை ஏன் இன்று விட்டுவிட்டீர்கள்?"

தேறுவதும் தேறாததும் அந்தப் பதிலில்தான் என்று அவர் குரலே சொன்னது. விற்பனையைப் பற்றி இன்னும் நாலு வசனம் சொல்லித் தப்பலாமா என்று பார்த்தேன். முன்வரிசையில் கலியாணக் கோட் எனக்கு உற்சாகமாகத் தலையாட்டியது, 'சொல்லும், சொல்லும்' என்று. அதைப் பார்த்ததும் வாயில் இருந்த வசனம் போய்விட்டது. வேறொன்று வந்தது.

"அந்த வீடுகளில் பலவற்றில் அவர்களை யாரும் கொடுமைப்படுத்தியிருக்க மாட்டார்கள்" என்றேன். "கொடுமைப்படுத்தினால் எதிர்த்துப் பேசலாம். அவர்களுக்குச் சோறு போட்டார்கள், உடுப்பு வாங்கிக் கொடுத்தார்கள், வருங்காலத்தையும் யோசித்து வைத்தார்கள். எல்லாம் அன்பால். அவ்வளவு அன்புள்ள ஒருவரின் முகத்தைப் பார்த்து, நீங்கள் எனக்கென்று வைத்திருக்கிற இடம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அதனால்தான் மழையைப் பற்றி எழுதினார்கள். சம்மதித்ததனால் அல்ல. சொல்லத் தெரியாததனால்."

இதைச் சொல்லும்போது விரிவுரையாளரைப் பார்த்துத்தான் சொல்ல நினைத்தேன். கழுத்து திரும்பிவிட்டது. மச்சான் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். எனக்கு அந்த அறையை விட்டு ஓட வேண்டும்போல் இருந்தது. கதவு மச்சானுக்குப் பின்னால்.

திரும்பி வரும்போது மோட்டர்வேயில் மழை. மச்சான் ஒட்டாஹுஹு என்ற ஊரைத் தாண்டும்வரை தெருவையே பார்த்து ஓட்டினார். நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த உறவினர் வீட்டில் பெட்டிகளை வைக்கலாம் என்று ஒவ்வொருவராக நினைத்து, ஒவ்வொருவராகக் கைவிட்டேன்.

"அப்ப," என்றார் மச்சான், "யாட்டுக்கு வர உமக்கு விருப்பமில்லை."

"இல்லை மச்சான்."

"ஜப்பான் பாஷையும் தெரியாது."

"தெரியாது."

"அந்தப் பெட்டையளின்ர புத்தகத்தைத்தான் இவ்வளவு நாளும் படிச்சனீர்."

"ஓம்."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத் தெரியேல்லை."

அவர் சிக்னலைப் போட்டு, பாபடோயிட்டோய்ப் பக்கம் இறங்கினார். "சரி, விடும். படிச்சு முடியும். அறை அங்கதானே இருக்கு, அது எங்க போகப்போகுது."

பின்சீற்றில் பங்காளி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். என் முடிவு அந்த மனிதரை இவ்வளவு பாதிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பி, ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

மனைவி வேலையால் வந்து, முதலில் அண்ணன் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் வந்தாள். அவளை உட்காரவைத்து, நான் சொன்ன பதிலை முழுவதும் சொல்லிக் காட்டினேன். வசனங்களை இரண்டொரு இடத்தில் திருத்தியும் விட்டேன். ஒரு வரலாற்று உண்மை ஒரு மனிதனின் மனதை எப்படித் திறந்துவிடும் பார் என்று முடித்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, அண்ணைக்கு அதுகள் ஒண்டும் விளங்கேல்லையாம். நீங்கள் யாட்டுக்கு வரமாட்டியள் எண்டதுதான் விளங்கினதாம். அந்தச் சாம்பாருக்குப் பிறகு, நீங்கள் வந்திடக் கூடாது எண்டு பங்காளி பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சிருந்தவராம், அண்ணைக்கும் அது தெரியுமாம், உங்களிட்டச் சொல்ல வாய் வரேல்லையாம். நாளைக்கு அந்த நேர்த்திக்குத் தேங்காய் உடைக்கப் போகினம், உங்களையும் வரட்டாம்."